மாதவிடாய் நின்றபின் உறவில் வலி: எழுதிக் கொடுத்த கிரீமைப் போடலாமா?

பவானிக்கரை

வணக்கம். இந்தப் பகுதியை வெகுநாளாகப் படித்து வருகிறேன், எழுதுவது இப்போதுதான். வயது 53. மாதவிடாய் நின்று மூன்று வருடம் ஆகப்போகிறது. உடம்புச் சூடு, ராத்திரி வியர்வை எல்லாம் பாடாய்ப் படுத்திவிட்டு ஒருவழியாக அடங்கின. அத்தோடு விட்டது என்று இருந்தேன்.

இப்போது வேறு தொல்லை. கணவருடன் சேரும்போது வலி. ஆரம்பத்தில் வெறும் காந்தலாக இருந்தது. இப்போதெல்லாம் நுழையும் இடத்திலேயே பிளேடு போட்டுக் கீறினாற்போல வலிக்கிறது. மறுநாள் ஒன்றுக்குப் போனால் எரிகிறது. சில சமயம் துடைக்கும்போது லேசாக ரத்தம் தெரிகிறது.

இவர் முரடர் இல்லை. "வேண்டாம்னா விடு" என்றுதான் சொல்வார். ஆனால் எனக்கே வேண்டும்போல இருக்கிற நாட்களும் உண்டு, அதை யாரிடம் சொல்வது? இப்போது அவர் கையைப் பிடித்தாலே உடம்பு இறுகிவிடுகிறது. பேத்தியைக் கூப்பிட்டு நடுவில் படுக்க வைத்துக்கொள்கிறேன்.

ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். "வயசாச்சுல்ல, வறட்சிதான், எல்லாருக்கும் வர்றது" என்று ஒரு கிரீம் எழுதிக் கொடுத்தார். எத்தனை நாள், எவ்வளவு என்று ஒன்றும் சொல்லவில்லை, வெளியே கூட்டம். வீட்டுக்கு வந்து டப்பாவுக்குள் இருந்த தாளைப் பிரித்தால் மார்பகப் புற்று, கர்ப்பப்பைப் புற்று, ரத்தக்கட்டு, பக்கவாதம் என்று வரிசையாகப் போட்டிருக்கிறது. என் சித்திக்கு மார்பகப் புற்று வந்தது. டியூபைத் திறக்கவேயில்லை, பீரோவில் புடவைக்கு அடியில் கிடக்கிறது. யாராவது போட்டிருக்கிறீர்களா? இல்லை, எண்ணெய், கற்றாழை என்று வீட்டு வைத்தியமே போதுமா?

மல்லிகைப்பந்தல்

அக்கா, நீங்கள் எழுதியதில் பாதி என் கதை. எனக்கு 42 வயதில் கட்டி என்று கர்ப்பப்பையை எடுத்தார்கள், கூடவே சினைப்பை இரண்டையும். "இனிமே மாசாமாசம் தொல்லை இல்ல" என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். சினைப்பை இரண்டும் போனால் அன்றைக்கே மாதவிடாய் நின்ற கணக்குத்தான், மற்றவர்களுக்கு வருடக்கணக்கில் இறங்குகிற ஹார்மோன் எங்களுக்கு ஒரே அடியாக இறங்கிவிடும் என்று ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

தேங்காய் எண்ணெய் போட்டுப் பார்த்தேன். அந்த நேரத்துக்கு வழுக்கும், அவ்வளவுதான். மறுநாள் எரிச்சல் அப்படியே. கற்றாழையைச் செடியிலிருந்து வெட்டி நேராகப் போட்டுவிடாதீர்கள், வெட்டிய இடத்தில் வடிகிற மஞ்சள் பால் பட்டால் புண்ணாகும். கிரீம் நான் போட்டதில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நானும் காத்திருக்கிறேன்.

துளசிமாடம்

சகோதரிகளே, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பேரன் பேத்தி எடுத்தபின் இதெல்லாம் தேவையா? இயற்கையே போதும் என்று சொல்கிறது. கோயில், பாராயணம் என்று மனதைத் திருப்பினால் தன்னால் சரியாகும். நாங்கள் எல்லாம் அப்படித்தான் இருந்தோம்.

மல்லிகைப்பந்தல்

துளசி அம்மா, உங்களுக்கு வேண்டாம் என்றால் அது உங்கள் நிம்மதி, அதில் யாரும் குறுக்கே வரவில்லை. வேண்டாம் என்று இருப்பது வேறு, வலிக்குப் பயந்து ஒதுங்குவது வேறு. அதுவும் போக, இது படுக்கையோடு நிற்கிற வலி இல்லை. அரிவாள்மனை முன்னால் சிறிது நேரம் உட்கார்ந்து எழுந்தாலே எனக்கு எரிகிறது. கோயில் மண்டபத்தில் சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை. பாராயணத்துக்கும் உட்காரத்தானே வேண்டும்?

சிஸ்டர்அம்மா

நான் டாக்டர் இல்லை. அரசு மருத்துவமனையில் மகளிர் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வெளியில் டாக்டரிடம் சொல்லாததை உள்ளே வந்து எங்களிடம் முணுமுணுப்பார்கள், அப்படிக் கேட்டதுதான் அதிகம்.

பவானி, கிரீமை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த ரத்தம். மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு பட்டாலும் பார்த்தே ஆக வேண்டும். பெரும்பாலும் தோல் மெலிந்து கீறியதாகத்தான் இருக்கும். ஆனாலும் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்திருக்கிறதா என்று ஒரு ஸ்கேன், கர்ப்பப்பை வாய்க்கு ஒரு பரிசோதனை, இவற்றைப் பார்க்காமல் "வறட்சிதான்" என்று முடித்துவிடக் கூடாது. ரத்தம் பட்டதை டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். சொல்லக் கூச்சமாக இருந்தால் தாளில் எழுதிக் கொண்டுபோய் நீட்டுங்கள். நிறையப் பேர் அப்படிச் செய்வார்கள்.

ஏன் வலிக்கிறது என்று சொல்கிறேன். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இருக்கிறவரை யோனியின் சுவர் தடிப்பாக, மடிப்பு மடிப்பாக இருக்கும், நன்றாக விரிந்து கொடுக்கும். ஹார்மோன் வற்றியதும் சுவர் மெலிகிறது, மடிப்பு தேய்கிறது, ரத்த ஓட்டம் குறைகிறது, ஈரம் ஊறுவது குறைகிறது. அங்கே வாழ்கிற நல்ல பாக்டீரியாதான் அமிலத்தன்மையைக் காப்பாற்றி வந்தது, அதுவும் குறைந்துவிடும். வழக்கமாக 4.5க்குள் இருக்கும் பி.எச். அளவு 5க்கு மேலே போய்விடும், அப்போது கெட்ட கிருமிக்குக் கொண்டாட்டம். சிறுநீர்த் துவாரமும் அதே ஹார்மோனை நம்பித்தான் இருக்கிறது. மறுநாள் எரிவது அதனால்தான். உடம்புச் சூடு அடங்கின மாதிரி இது தானாகத் தணியாது, கவனிக்காமல் விட்டால் கூடத்தான் செய்யும். மாதவிடாய் நின்றவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஏதாவது ஒரு அளவில் இருக்கிறது.

இப்போது அந்தத் தாள். 2002இல் அமெரிக்காவில் பெண்களுக்கான ஒரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது. சராசரியாக 63 வயதுப் பெண்கள், தினமும் வாய்வழியாக ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை சாப்பிட்டவர்கள். அவர்களுக்கு மார்பகப் புற்று, பக்கவாதம், ரத்தக்கட்டு சற்று கூடியதாகத் தெரிந்தது. அதற்கப்புறம் ஈஸ்ட்ரோஜன் என்ற பெயர் இருந்த எல்லா மருந்துக்கும் ஒரே எச்சரிக்கையை அச்சடித்துவிட்டார்கள், உள்ளே தடவுகிற துளியூண்டு கிரீமுக்கும் சேர்த்து. ஆனால் கிரீம் அந்த இடத்திலேயேதான் வேலை செய்கிறது, ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. அதே ஆய்வைச் சேர்ந்த பெண்களில் யோனிவழி ஈஸ்ட்ரோஜன் பயன்படுத்தியவர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தபோது மார்பகப் புற்றோ மாரடைப்போ கூடவில்லை. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே அந்தக் கட்டம் போட்ட எச்சரிக்கையை எடுக்கப்போவதாக அறிவித்தது. நம் ஊர் டப்பாவில் பழைய தாளே இன்னும் கொஞ்ச காலம் வரும், பயப்படாதீர்கள்.

சித்திக்குப் புற்று வந்தது என்பதால் மட்டும் உங்களுக்குக் கிரீம் கூடாது என்று ஆகாது. ஆனால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். உங்களுக்கே வந்திருந்தால் அது வேறு கணக்கு.

போடுகிற முறை: எஸ்ட்ரையால் என்ற ஈஸ்ட்ரோஜன் வகைக் கிரீம் என்றால் வழக்கமாக முதல் இரண்டு மூன்று வாரம் தினமும் ராத்திரி ஒரு முறை, அப்புறம் வாரத்துக்கு இரண்டு முறை. கூட வருகிற குழாயில் கோடு போட்டிருக்கும், அதுவரைதான். படுக்கும்போது மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொண்டு போட்டுவிட்டுத் தூங்கிவிடுங்கள். கொஞ்சம் வெளியே வழியும், பழைய துணி வைத்துக்கொண்டால் போதும். எரிகிற இடம் யோனியின் வாசல்தான் என்பதால் விரல் நுனியில் ஒரு பட்டாணி அளவு எடுத்து வாசலிலும் தடவச் சொல்லிக் கொடுப்பார்கள், உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். ஒரு வாரத்தில் ஒன்றும் தெரியாது. நாலைந்து வாரத்தில் மாற்றம் தொடங்கும், முழுப் பலன் மூன்று மாதம்கூட ஆகலாம். வலி நின்றுவிட்டது என்று கிரீமை நிறுத்தினால் வறட்சி திரும்ப வரும். பலர் அங்கேதான் "மருந்து வேலை செய்யல" என்று விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று. இது வழுக்கலுக்குப் போடுகிற ஜெல் இல்லை. சேர்வதற்கு முன்னால் இதைத் தடவாதீர்கள், அவர் உடம்பில் ஒட்டும்.

பவானிக்கரை

சிஸ்டர்அம்மா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். ரத்தம் பட்டதைச் சொல்லவில்லை, உண்மைதான். கணவர் வெளியே உட்கார்ந்திருந்தார், கதவு திறந்தே கிடந்தது. திங்கட்கிழமை திரும்பப் போகிறேன். சித்தி விஷயமும் எழுதிக்கொண்டேன். வழுக்கலுக்கு என்ன போடுவது?

கடல்கடந்தவள்

நான் யாழ்ப்பாணம், இப்போது லண்டனில் இருக்கிறேன். இங்கே 10 மைக்ரோகிராம் எஸ்ட்ரடையால் குளிசை, அதுவும் ஒரு ஈஸ்ட்ரோஜன்தான், உள்ளே வைக்கிறது, 2022 செப்டம்பரிலிருந்து வைத்தியரின் சீட்டு இல்லாமலே ஃபார்மசியில் வாங்கலாம். 50 வயது கடந்திருக்க வேணும், மாதவிடாய் நின்று ஒரு வருடமாவது ஆகியிருக்க வேணும், மருந்தாளர் சில கேள்வி கேட்பார். அவ்வளவு பயங்கரமான மருந்தென்றால் இப்படி விடுவார்களா என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எனக்குக் கிரீமை விட இது சுகம், வழியாது.

பவானி அக்கா, வழுக்கலுக்கும் ஈரப்பதத்துக்கும் இரண்டு வேறு சாமான் இருக்கு. மொய்ஸ்ச்சரைசர் என்கிறது வாரத்துக்கு இரண்டு மூன்று தரம், உறவு இருக்கோ இல்லையோ போடுறது. ஹையலுரோனிக் அமிலம் உள்ளது நல்லது. லூப்ரிகன்ட் என்கிறது அந்த நேரத்துக்கு மட்டும். தண்ணீர் சார்ந்தது கெதியில் காயும், திரும்பப் போட வேணும். சிலிக்கோன் சார்ந்தது கனநேரம் நிற்கும். வாசனை, "சூடு தரும்" என்று எழுதியிருக்கிறது, கிளிசரின் கூடியது எல்லாம் எரியும், வாங்க வேண்டாம். இருவருக்கும் தடவ வேணும், கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. எண்ணெய் போட்டால் ரப்பர் ஆணுறை கிழியும், ஆணுறை பாவிக்கிறவை கவனம்.

என்னுடைய கதையில் மருந்தை விடப் பெரிய மாற்றம் ஒன்று. "கொஞ்ச நாளைக்கு உள்ளே வேண்டாம், மற்றதெல்லாம் சரி" என்று அவரிடம் வாய்விட்டுக் கதைத்தேன். கை, வாய், அணைப்பு, எண்ணெய் பூசி விடுறது, எல்லாம் உறவுதான். எங்கே போய் முடியும் என்ற பயம் போனதும்தான் எனக்கு ஆசை திரும்ப வந்தது.

தாமிரபரணி60

பெண்கள் பேசும் இடத்தில் ஆண் எழுதலாமா தெரியவில்லை. தவறென்றால் நெறியாளர் நீக்கிவிடுங்கள். என் மனைவிக்கு 57. எனக்கு சர்க்கரை இருக்கிறது, நடுவில் சில வருடம் என்னால் முடியவில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்தார், எனக்குச் சரியாகிவிட்டது. ஆனால் அதிலிருந்து அவள் முகமே மாறிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறாள். "வலிக்குதா" என்றால் "இல்லீங்க" என்கிறாள். நான் மாத்திரையை நிறுத்திவிடவா? எப்படிக் கேட்டால் சொல்வாள்?

மல்லிகைப்பந்தல்

அண்ணா, நீங்கள் எழுதியது நல்லது. அந்த நேரத்தில் கேட்காதீர்கள். அந்த நேரத்தில் "வலிக்குதா" என்றால் "இல்லீங்க" தவிர வேறு பதில் வராது, எங்களை அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள். காலையில் காபி குடிக்கும்போது, வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், "எனக்கு மாத்திரை கிடைச்சுது, உனக்கு என்ன வேணும்னு நாம யாரையும் கேக்கவே இல்லையே" என்று ஆரம்பியுங்கள். டாக்டரிடம் கூட வாருங்கள், ஆனால் அண்ணி தனியாகப் பேச ஐந்து நிமிடம் வெளியே இருங்கள்.

சிஸ்டர்அம்மா

மல்லிகா சொன்னதையே நானும் சொல்வேன். ஆணுக்கு மாத்திரை எழுதும் டாக்டர், வீட்டம்மாவுக்கு மாதவிடாய் நின்றுவிட்டதா என்று கேட்பதே இல்லை. பல வருட இடைவெளிக்குப் பிறகு திடீரென்று முழு வேகத்தில் தொடங்கினால் மெலிந்த தோல் என்ன ஆகும்? மாத்திரையை நிறுத்த வேண்டாம், மனைவிக்கான வைத்தியம் முடியும்வரை சேராமல் காத்திருங்கள்.

உங்கள் மனைவிக்கும் சர்க்கரை உண்டா? சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் பூஞ்சைத் தொற்று திரும்பத் திரும்ப வரும், அரிப்பு இருக்கும், திரிந்த தயிர் மாதிரி வெள்ளை படும். டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் என்று "கிளிஃபுளோசின்" என முடிகிற சர்க்கரை நோய் மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதால் அந்தத் தொற்றை இன்னும் கூட்டும். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது, எழுதிய டாக்டரிடம் சொல்லணும். வெளித்தோலில் வெள்ளைத் திட்டு, விடாத அரிப்பு என்று இருந்தால் அது வறட்சியே இல்லை, லைக்கன் என்ற தோல் நோயாக இருக்கலாம். அதற்கு வேறு களிம்பு. அதனால்தான் டாக்டர் கண்ணால் பார்க்க வேண்டும் என்கிறேன். பார்க்காமலே எழுதிக் கொடுத்தால் வேறு டாக்டரிடம் போங்கள்.

அப்புறம் எல்லோருக்கும்: உள்ளே சோப்பு, டெட்டால், வாசனைத் திரவம் எதுவும் வேண்டாம். வெறும் தண்ணீர் போதும். சுத்தம் சுத்தம் என்று கழுவியே புண்ணாக்கிக்கொண்டு வந்தவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

வேம்புநிழல்

தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம் காலை மாலை பாலில் சாப்பிடுங்கள், பெண்களுக்கு அமிர்தம். நகரத்தில் ஒரு கிளினிக்கில் லேசர் வைத்து ஒரே நாளில் இளமையாக்கிவிடுகிறார்கள், என் தோழி போனாள். எண் தருகிறேன்: [நீக்கப்பட்டது]

நெறியாளர்

கிளினிக் எண்கள், விலைப்பட்டியல் வேண்டாம். பதிவு திருத்தப்பட்டது. மற்றபடி பேச்சு தொடரட்டும்.

கடல்கடந்தவள்

லேசர் பற்றி ஒரு வார்த்தை. 2018இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த "இளமையாக்கும்" கருவிகள் தீக்காயம், தழும்பு, விடாத வலி கொண்டுவரலாம் என்று எச்சரித்தது. 2021இல் சிட்னியில் 85 பெண்களை வைத்து ஒரு சோதனை வெளிவந்தது. பாதிப்பேருக்கு உண்மையான லேசர், பாதிப்பேருக்குக் கருவியை வைத்துச் சும்மா ஓட்டினது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்தக் காசுக்கு வருடக்கணக்கில் கிரீம் வாங்கலாம்.

சிஸ்டர்அம்மா

தண்ணீர்விட்டான் கிழங்கு நம் ஊரில் காலங்காலமாக இருப்பதுதான், பால் சுரக்கக் கொடுப்பார்கள். ஆனால் இந்த வறட்சிக்கு அது கேட்கும் என்று சொல்ல உறுதியான சோதனை எதுவும் நான் பார்த்ததில்லை. மார்பகப் புற்று வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள் லேகியத்தில் எவ்வளவு வெல்லம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மீண்டுவந்தவள்

மார்பகப் புற்று வந்து சிகிச்சை முடித்தவள் நான். லெட்ரோசோல் மாத்திரையில் இருக்கிறேன். உடம்பில் மிச்சம் மீதி ஈஸ்ட்ரோஜனையும் உருவாகவிடாமல் தடுக்கிற மாத்திரை என்பதால் எனக்கு வந்த வறட்சி உங்கள் யாருக்கும் வந்திருக்காது. உள்பாவாடை நாடா உரசினால்கூட எரியும். புற்றுநோய் டாக்டரிடம் கேட்டபோது, "உயிர் பிழைச்சிருக்கீங்கம்மா, அதைப் பாருங்க" என்றார். பிழைத்ததால்தானே கேட்கிறேன்!

வேறொரு டாக்டர் பொறுமையாக விளக்கினார். லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் சாப்பிடுபவர்களுக்கு முதலில் ஹார்மோன் இல்லாத வழிதான். ஹையலுரோனிக் ஜெல்லை மற்றவர்களைவிட அடிக்கடி போடச் சொன்னார், வாசலிலும் சேர்த்து. அது போதாவிட்டால் குறைந்த அளவு யோனிவழி ஹார்மோன் பற்றிப் புற்றுநோய் டாக்டரும் மகளிர் டாக்டரும் கலந்து பேசி முடிவெடுப்பார்கள், முழுக்கத் தடை என்றும் இல்லை, தன்னிஷ்டத்துக்குப் போடுவதும் இல்லை. மார்பகப் புற்றுக்கே தருகிற இன்னொரு மாத்திரையான டாமோக்சிபென் சாப்பிடுபவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு என்றார்.

எனக்கு உண்மையில் உதவியது லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்துக் கரைசல். வலி உள்ளே அல்ல, வாசல் தோலில்தான் என்று பஞ்சு முனையால் தொட்டுத் தொட்டுக் கண்டுபிடித்தார்கள். சேர்வதற்கு முன் அந்தக் கரைசலில் நனைத்த பஞ்சை வாசலில் மூன்று நிமிடம் வைத்து எடுக்க வேண்டும், அவர் சொன்ன அளவு மட்டும். முதலில் எரியும், அப்புறம் மரத்துவிடும். கடையில் கிடைக்கிற ஏதோ மரப்பு ஜெல்லை வாங்கி நீங்களே போட்டுக்கொள்ளாதீர்கள். வலி மரத்தால் கிழிவதும் தெரியாது.

இயன்முறை_கோவை

இடுப்புத்தளத் தசைகளுக்கான பிசியோதெரபிஸ்ட் நான். பவானி அவர்கள் "கையைப் பிடித்தாலே உடம்பு இறுகுகிறது" என்று எழுதியிருந்தார்கள். அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. திரும்பத் திரும்ப வலித்த இடத்தை உடம்பே பூட்டி வைத்துக்கொள்ளும். கிரீமில் தோல் சரியானாலும் பூட்டிய தசை தானாகத் திறக்காது, அதனால்தான் "ஆறு மாதம் போட்டும் வலிக்குது" என்று வருகிறார்கள். வலியோடு சகித்துக்கொள்கிற ஒவ்வொரு முறையும் பூட்டு இறுகும். ஆகவே வலிக்கும்போது நிறுத்துவது பிடிவாதம் இல்லை, அதுவும் சிகிச்சையில் சேர்த்திதான்.

யூடியூபில் பார்த்துவிட்டு எல்லோரும் கெகல் செய்கிறார்கள், அதாவது சிறுநீரை அடக்குவதுபோல இறுக்குவது. தளர்ந்த தசைக்கு அது நல்லது. ஏற்கெனவே இறுகிய தசைக்கு அதையே செய்தால் வலி கூடும். உங்களுக்கு வேண்டியது தளர்த்துவது. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கித் தலையணை மேல் சாய்த்துக்கொள்ளுங்கள். வயிறு உப்பும்படி மெதுவாக மூச்சை இழுங்கள். இழுக்கும்போது அடிப்பகுதி கீழே இறங்கி விரிவதைக் கவனியுங்கள், சிறுநீர் கழிக்கத் தொடங்கும் நொடியில் விடுவோமே, அந்த விடுதல். முக்கக் கூடாது. இது பழகியபிறகு நகம் வெட்டிய விரல் நுனியில் ஜெல் தடவி வாசலில் வைத்துக்கொண்டு அதே மூச்சு. தள்ள வேண்டாம், வெறுமனே வைத்திருங்கள், உடம்பு "ஆபத்து இல்லை" என்று பழகட்டும். அடுத்த கட்டத்துக்கு டைலேட்டர் என்று சின்னதிலிருந்து பெரிதுவரை வரிசையாகக் குழாய் வடிவச் சாதனம் உண்டு, அதை ஒருவர் சொல்லிக்கொடுத்துத் தொடங்குவது நல்லது.

திரும்பச் சேரும்போது நீங்கள் மேலே இருப்பதோ, இருவரும் பக்கவாட்டில் படுப்பதோ வசதி. ஆழமும் வேகமும் உங்கள் கையில் இருக்க வேண்டும். வாசலில் இல்லாமல் ஆழத்தில் இடித்தாற்போல வலித்தால் சொல்லுங்கள், அதற்குக் காரணம் வேறு, பழைய ஆபரேஷன் தழும்பு, இறங்கிய கர்ப்பப்பை, கட்டி என்று பார்க்க வேண்டும். மலச்சிக்கல்கூட.

ரோஜாத்தோட்டம்

எனக்கு 47. மாதவிடாய் நாலு மாதத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்க்கிறது. வறட்சி இப்போதே ஆரம்பித்துவிட்டது. இனிக் கரு தங்காது என்று கணவர் ஆணுறையை விட்டுவிட்டார், ஜெல்லும் எண்ணெயும் தாராளமாகப் போடலாம்தானே?

சிஸ்டர்அம்மா

தங்கச்சி, பொறு. வறட்சி மாதவிடாய் நிற்கும் முன்னாலேயே வரும், அதற்கு ஜெல் போடலாம். ஆனால் கரு தங்காது என்று யார் சொன்னது? 50 வயதுக்கு முன் நின்றால் கடைசி மாதவிடாய்க்குப் பிறகு இரண்டு வருடம், 50க்கு மேல் என்றால் ஒரு வருடம் தடுப்பு வேண்டும். 47இல் நின்றுவிட்டது என்று அலட்சியமாக இருந்து, மகளுக்கு வளைகாப்பு நடத்த வேண்டிய மாதத்தில் கலைப்புக்கு வந்து அழுதவர்கள் உண்டு. ஆணுறை திரும்ப வரட்டும், எண்ணெய் கூடாது, தண்ணீர் சார்ந்த ஜெல்.

பவானிக்கரை

எல்லோருக்கும் சொல்கிறேன். வேறு டாக்டரிடம் போனேன். தாளை நீட்டினேன். படித்துவிட்டு எழுந்துபோய் முதலில் கதவைச் சாத்தினார், எனக்கு அப்போதே பாதி வலி போயிற்று. ஸ்கேனில் உள்சவ்வு 3 மில்லிமீட்டர்தான், பயமில்லை என்றார். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் நன்றாக வந்தது. ரத்தம் வாசலில் இருந்த கீறலில் இருந்துதான். திரும்ப ரத்தம் பட்டால் உடனே வரச் சொன்னார். சித்தி விஷயத்தைக் கேட்டுவிட்டு, கிரீம் போடலாம், வருடா வருடம் மார்பகப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள் என்றார்.

கூடவே ஒன்று சொன்னார். இரண்டு வருடமாக எனக்கு அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்றுக்கும் இதே காரணம்தானாம். ஒவ்வொரு முறையும் ஆண்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேனே! யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

கிரீம் தொடங்கி வாரம் சில ஆகிறது. உட்கார்ந்து எழுந்தால் எரிவது குறைந்திருக்கிறது. உறவு இன்னும் இல்லை, அவரிடம் கடல்கடந்தவள் சொன்ன மாதிரியே சொல்லிவிட்டேன். "இதை அப்பவே சொல்லியிருக்கலாம்ல" என்று ஒரு மாதிரியாகச் சிரித்தார். அவர் என்மேல் வெறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

சிஸ்டர்அம்மா

சிறுநீர்த் தொற்று விஷயம் புதிதில்லை பவானி. 1993இலேயே, மாதவிடாய் நின்று அடிக்கடி தொற்று வந்த பெண்களுக்கு எஸ்ட்ரையால் கிரீம் கொடுத்துப் பார்த்த ஆய்வு வந்திருக்கிறது. மருந்தில்லாத வெறும் கிரீம் போட்டவர்களுக்கு வருடத்துக்குச் சராசரி 5.9 முறை தொற்று, மருந்துக் கிரீம் போட்டவர்களுக்கு 0.5. முப்பது வருடம் கழித்தும் நம் பெண்கள் கையில் ஆண்டிபயாடிக் சீட்டு மட்டும்தான் இருக்கிறது.

தாமிரபரணி60

பேசினேன். முதலில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே, முகம் பார்க்காமல், எல்லாம் சொன்னாள். அடுத்த வாரம் டாக்டரிடம் போகிறோம். சர்க்கரை அவளுக்கும் எல்லையில் இருக்கிறது. நன்றி.

மல்லிகைப்பந்தல்

நானும் வாங்கிவிட்டேன். கடைக்காரப் பையன் "இது எதுக்குக்கா" என்று சத்தமாகக் கேட்டான். "சீட்டுல இருக்கு, படிச்சுக்கோ" என்றேன். சிஸ்டர், ஒரு சந்தேகம். அந்தக் குழாயை ஒவ்வொரு முறையும் எப்படிக் கழுவுவது? கொதிக்கிற தண்ணீரில் போடலாமா?

சிஸ்டர்அம்மா

கொதிநீர் வேண்டாம், பிளாஸ்டிக் வளைந்துவிடும், அப்புறம் கோடு பார்த்து அளக்க முடியாது. உள்ளே இருக்கும் தண்டை முழுக்க இழுத்துத் தனியாக எடுத்துவிட்டு, இரண்டையும் வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, சோப்பு போக அலசிக் காய வையுங்கள். உங்களுக்குச் சினைப்பையே இல்லாததால் எலும்புத் தேய்மானத்துக்கும் ஒரு முறை பார்த்துவிடச் சொல்லுங்கள், கிரீம் எலும்பு வரைக்கும் போகாது. அது தனி இழை, "எலும்பு, மூட்டு" பகுதியில் இருக்கிறது. அங்கே வாருங்கள், பேசுவோம்.